சமக்குறி எங்கே நிற்க வேண்டும்

கணித ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வு மாணவர்களே,

உங்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் சமன்பாடுகளோடு தினமும் பழகுகிறேன். சென்னையில், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனமொன்றில் கணிதப் பிரிவுக் காப்பி எடிட்டராக வேலை பார்க்கிறேன். நீங்கள் தீசிஸின் ஓர் அத்தியாயத்தைப் பேப்பராக்கி எங்கோ ஐரோப்பாவில் இருக்கும் இதழுக்கு அனுப்புகிறீர்கள். ஏற்கப்பட்ட பிறகு அது பல சமயம் ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சென்னைக்கே வந்து சேர்கிறது. உங்கள் லேடெக் கோப்பைத் திறந்து, நீங்கள் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பது என்னைப் போன்ற ஒருவர்தான்.

உங்கள் தேற்றம் சரியா தவறா என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அதை நடுவர் பார்த்திருப்பார். நான் பேச வந்தது தனிவரியில் நிற்கும் சமன்பாடுகளைப் பற்றி மட்டும். எதை எதற்கு நேராக நிறுத்துவது, எங்கே உடைப்பது, எண் எதற்குக் கொடுப்பது. இதெல்லாம் தீசிஸை பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தைய இரவில் செய்துகொள்ளும் ஒப்பனை என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். கைடும் அப்படி நினைத்தால் ஆச்சரியமில்லை. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. இரண்டு சமக்குறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தும்போதே நீங்கள் வாசகரிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறீர்கள்: இவ்விரண்டு வரிகளையும் சேர்த்துப் படியுங்கள், இவற்றுக்குள் உறவு உண்டு என்று. அந்த உறவு உண்மையில் இல்லையென்றால் வாசகர் இல்லாததைத் தேடிக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடத்து உதாரணமே போதும்.

(அ + இ)² − (அ − இ)²
  = (அ² + 2அஇ + இ²) − (அ² − 2அஇ + இ²)
  = 4அஇ

இது ஒரு சங்கிலி. இடப்பக்கம் ஒருமுறைதான் எழுதப்படுகிறது. அதன் பிறகு சமக்குறிகள் வரிசையாக இறங்க, கண் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே கீழே போகிறது. இடப்பக்கம் நீளமாக இருப்பதால் அது தனிவரியில் நிற்கிறது. சமக்குறி அடுத்த வரியில், கொஞ்சம் உள்தள்ளித் தொடங்குகிறது. அப்படிச் செய்யாமல் முதல் வரியிலேயே சமக்குறியைப் போட்டிருந்தால், எல்லாச் சமக்குறிகளும் பக்கத்தின் நடுவுக்குத் தள்ளப்பட்டு, இடப்புறம் பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கும், வலப்புறம் இடம் போதாமல் திணறும். தீசிஸ்களில் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கோலத்தைத்தான்.

இன்னொரு வகை இருக்கிறது. அனுமானம் ஒன்று, வரையறை ஒன்று, எல்லை நிபந்தனை ஒன்று என்று மூன்று தனித்தனிச் சமன்பாடுகள். மூன்றிலும் சமக்குறி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மூன்றையும் 'அலைன்' சூழலுக்குள் போட்டு நேர்ப்படுத்திவிடுகிறீர்கள். பார்ப்பவருக்கு அது வழிமுறை போலத் தெரிகிறது. முதலாவதிலிருந்து இரண்டாவது எப்படி வந்தது என்று தேடுகிறார். அவை மூன்றும் தோளுக்குத் தோள் நிற்கும் தனிக் கூற்றுகள் என்றால் 'கேதர்' போதும். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு நடுவில் நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சமன்பாட்டுத் தொகுதி என்றால், மாறிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பதற்கு 'அலைன்அட்' இருக்கிறது. எந்தச் சூழல் என்ற கேள்விக்கு விடை மென்பொருள் கையேட்டில் கிடைக்காது. உங்கள் வாதத்தின் வடிவத்தில்தான் கிடைக்கும்.

ஒரு காலத்தில் இந்தத் தீர்மானமெல்லாம் எழுதுபவர் தலையில் விழவில்லை. ஈய எழுத்து கோத்த நாட்களில் கணிதப் பிரதி என்றாலே அச்சகங்கள் கூடுதல் கூலி கேட்கும். மோனோடைப் எந்திரம் எழுத்துகளை வார்த்துக் கொடுத்தாலும், பின்னக்கோடு, பெரிய அடைப்புக்குறி, ஏறியும் இறங்கியும் நிற்கும் குறிகள் எல்லாவற்றையும் கைதேர்ந்த ஒருவர் உட்கார்ந்து சேர்க்க வேண்டும். எங்கே உடைப்பது என்று அவருக்குத் தெரியும். கணிதம் தெரிந்து அல்ல, ஆயிரக்கணக்கான பக்கங்களைக் கோத்த பழக்கத்தில். கணிதத்தை அச்சிடுவது எப்படி என்பதற்கென்றே ஆக்ஸ்ஃபர்டு 1954-இல் ஒரு நூல் வெளியிட்டது. அதில் பாதி அறிவுரை எழுதுபவர்களுக்கு, பாதி அச்சகத்தாருக்கு என்று சொல்லலாம். பிறகு ஒளியச்சு வந்தது, ஈயம் போயிற்று, அதோடு கைத்தேர்ச்சியும் போயிற்று. 1977-இல் கணினி அறிவியலாளர் டொனால்ட் க்னூத் தம் நூல்வரிசையின் 2-ஆம் தொகுதி மறுபதிப்புக்கு ஒளியச்சில் வந்த மெய்ப்பைப் பார்த்து வெறுத்துப்போய், தாமே ஒரு நிரல் எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். 1978 ஜனவரியில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கணித அச்சுக்கலை பற்றி அவர் சொற்பொழிவாற்ற, சங்கம் டெக்கைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது. 80-களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லேடெக்கைக் கட்டினார். நீங்கள் இன்று கோப்பின் தலைப்பில் சேர்க்கும் 'ஏஎம்எஸ்மேத்' அந்தச் சங்கத்தின் வழிவந்ததுதான். இவ்வளவும் நடந்து முடிந்தபோது அச்சுக்கோப்பவரின் நாற்காலி காலியாகிவிட்டது. அதில் இப்போது உட்கார்ந்திருப்பது நீங்கள். சம்பளம் மட்டும் வரவில்லை.

உங்களில் பாதிப் பேருக்குக் கிடைத்த டெம்ப்ளேட் சீனியர் கொடுத்தது. அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. அப்படிக் கைமாறி வந்ததில் ஒட்டிக்கொண்டே வருவது 'ஈக்யூஎன்அரே'. லாம்போர்ட்டின் லேடெக்கில் பலவரிச் சமன்பாட்டுக்கு ஆரம்பத்தில் அதுதான் வழி, அதில் தவறில்லை. ஆனால் அதன் உள்ளே இருப்பது ஓர் அட்டவணை. சமக்குறியை நடுப்பத்தியாக வைத்து, இரண்டு பக்கமும் அட்டவணைக்குரிய இடைவெளியாக 10 பாயிண்ட் விடும். சாதாரணமாகச் சமக்குறியின் இருபுறமும் டெக் விடுவது ஓர் எம் அகலத்தில் 18-இல் 5 பங்கு. 10 பாயிண்ட் எழுத்தில் அது சுமார் 2.8 பாயிண்ட்தான். ஆக, ஒரே பக்கத்தில் மேலே ஒற்றைவரிச் சமன்பாட்டில் சமக்குறி நெருங்கி நிற்கும், கீழே பலவரியில் கைகால் பரப்பி நிற்கும். அதைவிட மோசம், வரி நீண்டுவிட்டால் சமன்பாட்டு எண்ணின் மேலேயே ஏறி அச்சாகும். 'அலைன்' அப்படிச் செய்யாது. இடமில்லையென்றால் எண்ணை வேறு வரிக்கு நகர்த்தும். லார்ஸ் மாட்ஸன் 2006-இலேயே இந்தக் குறைகளையெல்லாம் ஒரு கட்டுரையாக அடுக்கிக் காட்டி, தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று கேட்டார். இன்றும் எனக்கு வாரந்தவறாமல் வருகிறது.

'அலைன்'க்கு மாறியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேர்ப்படுத்தும் & குறி சமக்குறிக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல. பின்னால் போட்டால், சமக்குறிக்கு வலப்புறம் ஏதும் இல்லை என்று எண்ணி டெக் அந்தப் பக்கத்து இடைவெளியை விழுங்கிவிடும். வலப்பக்க எழுத்து சமக்குறியோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே வரியில் இரண்டு மூன்று சமன்பாடுகளை வைக்கிறவர்கள், ஒற்றைப்படையாக வரும் & நேர்ப்படுத்துவதற்கு, இரட்டைப்படையாக வருவது அடுத்த சோடியைப் பிரிப்பதற்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

உடைப்பதுதான் கடினம். விதி என்னவோ சின்னதுதான். பத்திக்குள் ஓடும் கணிதம் வரி தாண்டினால் குறிக்குப் பின்னால் உடைய வேண்டும். தனிவரிச் சமன்பாடு குறிக்கு முன்னால் உடைய வேண்டும். பத்திக்குள் வரி முடிவில் தொங்கும் கூட்டல் குறி, இன்னும் இருக்கிறது என்று வாசகரைப் பிடித்து நிறுத்துகிறது. தனிவரியிலோ, அடுத்த வரியின் தலையில் நிற்கும் குறிதான் அந்த வரி முந்தையதோடு எப்படிச் சேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ரஷ்ய மரபில் குறியை இரண்டு இடத்திலும் போடுவார்கள், வரி முடிவிலும் அடுத்த வரித் தொடக்கத்திலும். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

உறவுக்குறியில் உடைக்க முடிந்தால் அங்கே உடையுங்கள். முடியாவிட்டால் வெளியே நிற்கும் கூட்டல் அல்லது கழித்தலில். பெருக்கலில் உடைப்பது கடைசிப் புகலிடம். அப்போது பெருக்கல் குறியை வெளிப்படையாகப் போட்டாக வேண்டும், இல்லையென்றால் புதிய வரி புதிய கூற்று போலத் தெரியும். கூட்டலில் உடைத்த வரி எங்கே தொடங்க வேண்டும்? சமக்குறிக்கு நேர் கீழே அல்ல, அதற்கு வலப்புறம். கூட்டல் குறி சமக்குறியின் கீழே நின்றால் இரண்டும் ஒரே தகுதி உடையவை என்றாகிவிடும். உண்மையில் கூட்டல் என்பது வலப்பக்கத்தின் உள்வீட்டு விவகாரம். அசமன்பாட்டுச் சங்கிலியில் இது இன்னும் முக்கியம். முதல் வரியில் சமம், அடுத்ததில் சிறிது-அல்லது-சமம், அதற்கடுத்து கண்டிப்பாகச் சிறிது என்று இறங்கும் நிரூபணத்தில், கண் அந்தக் குறிப்பத்தியை மட்டும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்து மொத்த முடிவு என்ன என்று அறிந்துவிடும். நடுவில் ஒரு கூட்டல் குறி புகுந்தால் அந்த ஓட்டம் தடைபடும்.

பெரிய அடைப்புக்குறிக்குள் உடைக்கும்போது நீங்கள் எல்லோரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறீர்கள். தானாக உயரம் சரிசெய்துகொள்ளும் 'லெஃப்ட்', 'ரைட்' கட்டளைகள் சோடியாகத்தான் வாழும்; இடையில் வரி உடைவதோ & குறியோ வந்தால் பிழை காட்டும். அதற்கு உங்கள் வைத்தியம், முதல் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூடும் குறி, அடுத்த வரியில் தெரியாத ஒரு திறக்கும் குறி. பிழைச் செய்தி போய்விடும். ஆனால் முதல் வரியில் தொகையீடு இருந்து இரண்டாம் வரியில் இல்லையென்றால், திறக்கும் அடைப்பு ஆளுயரமும் மூடும் அடைப்பு முழங்காலளவுமாக நிற்கும். 'பிக்', 'பிக்'கில் பெரிய எழுத்து, 'பிக்-ஜி' என்று கையால் அளவு சொல்லும் கட்டளைகள் இருக்கின்றனவே, அவற்றைப் பயன்படுத்துங்கள். அழகும் கூடும், பல இடங்களில் தானியங்கி அளவு தேவைக்கு மேல் பெரிதாகத்தான் இருக்கும்.

உடைக்கவே முடியாதவையும் உண்டு. ராமானுஜன் 1913-இல் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருந்த தொடர் பின்னங்களை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு போல வலப்புறமாக இறங்கிக்கொண்டே போகும் அந்த உருவத்தை எந்தக் குறியில் உடைப்பது? அச்சில் அதற்கு மாற்று வடிவம் உண்டு: கூட்டல் குறிகளைப் பின்னக்கோட்டுக்குக் கீழே தாழ்த்தி, எல்லாவற்றையும் ஒரே வரியில் போடுவது. அதுபோல, உடையாத ஒன்று குறுகிய பத்திக்குள் அடங்காவிட்டால் பெயர் சூட்டுங்கள். அந்த நீண்ட கோவைக்கு ஒரு எழுத்தை வைத்து, தனியே வரையறுத்துவிட்டுச் சமன்பாட்டைச் சுருக்குங்கள். பல நேரம் நிரூபணமே தெளிவாகும். செய்யக்கூடாதது ஒன்று: படத்தைச் சுருக்குவது போல மொத்தச் சமன்பாட்டையும் 'ரீசைஸ்பாக்ஸ்' போட்டு அகலத்துக்குள் அடைப்பது. தீசிஸின் ஏ4 தாளில் 15 சென்டிமீட்டர் அகலம் கிடைத்தபோது அடங்கியது, இரட்டைப் பத்தி இதழின் மூன்றரை அங்குலத்தில் எறும்பு ஊர்வதாகிவிடும். கீழ்க்குறி எது, தூசி எது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பக்கங்கள் உண்டு.

சமன்பாடு வாக்கியத்தின் பகுதி. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்பது உங்கள் கோப்புகளிலேயே தெரிகிறது, ஏனென்றால் ஒவ்வொரு தனிவரிச் சமன்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு வெற்றுவரி விட்டு வைக்கிறீர்கள். கோப்பில் பார்க்கக் காற்றோட்டமாக இருக்கலாம். டெக்குக்கு வெற்றுவரி என்றால் பத்தி முடிந்தது என்று பொருள். முன்னால் விட்டால், எழுத்தே இல்லாத ஒரு புதிய பத்தியைத் தொடங்கி, ஒரு வரி அளவு கூடுதல் வெளியோடு சமன்பாட்டைப் போடும். முந்தைய வரி குட்டையாக இருந்தால் மேல்வெளியைக் குறைத்துக்கொள்ளும் நுட்பம் டெக்கில் இருக்கிறது. உங்கள் வெற்றுவரி அதையும் கெடுக்கிறது. தனிவரிச் சமன்பாட்டுக்குச் சற்று முன்னால் பக்கம் உடையவே கூடாது என்பது டெக்கின் இயல்பான ஏற்பாடு. நுழைவு வாக்கியம் ஒரு பக்கத்திலும் சமன்பாடு மறுபக்கத்திலுமாகப் போய்விடக் கூடாது என்பதற்காக. பத்தியைத் துண்டித்தால் அந்த ஏற்பாட்டுக்கும் பொருளில்லாமல் போகிறது.

பின்னால் விடும் வெற்றுவரி, தமிழில் எழுதும்போது இன்னும் கோமாளித்தனமாகும். உங்களில் சிலர் நாளைக்குத் தமிழ்வழிப் பாடநூலோ வகுப்புக் குறிப்போ எழுதப்போகிறீர்கள். ஆங்கில வாக்கியத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும். சமன்பாட்டோடு வாக்கியம் முடிந்து முற்றுப்புள்ளி விழும். நமக்கு வினை கடைசியில். சமன்பாடு வாக்கியத்தின் நடுவில் நிற்க, 'என்று கிடைக்கும்' என்பதோ 'என்பதால்' என்பதோ அடுத்த வரியில் வந்து அதை முடிக்கும். அங்கே வெற்றுவரி விட்டால் 'என்று கிடைக்கும்' என்பது புதிய பத்தியாக உள்தள்ளி நிற்கும், தலையில்லாத முண்டமாக. இதற்குப் பயந்தே நம் நூல்களில் எல்லாச் சமன்பாட்டுக்கும் முன்னால் 'பின்வருமாறு' போட்டு வாக்கியத்தை முடித்துவிடுகிறார்கள். பத்துப் பக்கம் படித்தால் சலிப்புத் தட்டுகிறது. அப்படி ஓட வேண்டியதில்லை. சமன்பாட்டை நடுவிலேயே நிறுத்துங்கள், அதன் முடிவில் புள்ளி வைக்காதீர்கள், வினையை உள்தள்ளாமல் இடப்புற ஓரத்திலிருந்து தொடருங்கள். தமிழ் வாக்கியம் அதைத் தாங்கும். சங்கிலியின் நடுவே 'எனவே' என்றோ 'இதைப் பிரதியிட' என்றோ ஒரு வரி வேண்டியிருந்தால், 'இன்டர்டெக்ஸ்ட்' கட்டளை இருக்கிறது. சொற்கள் இடையில் வந்தாலும் மேலும் கீழும் சமக்குறிகள் ஒரே கோட்டில் நிற்கும்.

எண் கொடுப்பதில் பெரியவர்களுக்குள்ளேயே சண்டை. இயற்பியலாளர் டேவிட் மெர்மின் 1989 அக்டோபர் 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில், எல்லாத் தனிவரிச் சமன்பாட்டுக்கும் எண் கொடுங்கள் என்று எழுதினார். நீங்கள் திரும்பச் சுட்டாவிட்டாலும், உங்கள் கட்டுரையைப் பற்றி இன்னொருவர் பேசும்போது அவருக்குத் தேவைப்படும் என்பது அவர் வாதம். கணிதத்தில் பழகியவர்கள் பெரும்பாலும் சுட்டப்படுவதற்கு மட்டுமே எண் கொடுப்பார்கள். நான் இந்த இரண்டாவது கட்சி. ஒரே வழிமுறையின் ஆறு வரிக்கும் (3.14) முதல் (3.19) வரை எண் ஓடினால் எது முக்கியம் என்றே தெரிவதில்லை. சங்கிலி முழுவதற்கும் ஒரே எண் வேண்டுமென்றால் 'ஸ்ப்ளிட்' அதற்குத்தான். ஆனால் மெர்மின் அதே கட்டுரையில் சொன்ன வேறொன்றை இரு கையாலும் ஒப்புக்கொள்கிறேன்: எண்ணை மட்டும் சொல்லி வாசகரைப் பின்பக்கம் புரட்ட வைக்காதீர்கள், அது எந்தச் சமன்பாடு என்று ஒரு சொல்லாவது சேர்த்துச் சொல்லுங்கள். "(2.7)-இலிருந்து" என்பதைவிட "ஆற்றல் மதிப்பீடு (2.7)-இலிருந்து" எவ்வளவு உபகாரம்!

கையால் இடைவெளி தட்டி நேர்ப்படுத்துகிறவர்களுக்கு எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று. உங்கள் கோப்பு அப்படியே அச்சுக்குப் போவதில்லை. பல இடங்களில் அது முதலில் எக்ஸ்எம்எல் ஆகிறது, கணிதம் மேத்எம்எல் ஆகிறது, அதிலிருந்துதான் இணையப் பக்கமும் பிடிஎஃப்பும் பிறக்கின்றன. 1998-இல் தரமாக அறிவிக்கப்பட்ட மேத்எம்எல்லை 2023-இலிருந்து குரோம் உலாவியும் நேரடியாகக் காட்டுகிறது. நீங்கள் & போட்டு நேர்ப்படுத்தியது அந்தப் பயணத்தில் பத்தி அமைப்பாகப் பிழைத்துவிடும். ஸ்பேஸ் கட்டளைகளை அடுக்கிக் கண்ணளவில் நகர்த்தியது பிழைக்காது. மிஞ்சினாலும் வேறு எழுத்துருவில், வேறு அகலத்தில் கோணிக்கொண்டு நிற்கும். இரட்டை டாலர் குறியும் அப்படித்தான். இதழ் இடப்புற ஓரத்திலிருந்து சமன்பாடுகளைத் தொடங்கும் பாணி வைத்திருந்தால், மற்றதெல்லாம் இடது பக்கம் போக, உங்கள் இரட்டை டாலர் சமன்பாடுகள் மட்டும் நடுவிலேயே நிற்கும். வேர்டில் எழுதுகிறவர்கள், ஒரே சமன்பாட்டுப் பெட்டிக்குள் ஷிஃப்ட்-என்டர் தட்டி வரி பிரித்துவிட்டு, மெனுவில் சமக்குறிக்கு நேர்ப்படுத்தச் சொல்லலாம். ஸ்பேஸ் பட்டையை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

இவ்வளவு செய்தும் உங்கள் சமன்பாடு எங்கள் பத்தி அகலத்தில் அடங்காத நாள் வரும். அப்போது மெய்ப்போடு ஒரு கேள்வி அனுப்புவோம்: இந்த இடத்தில் உடைக்கலாமா என்று. நாங்கள் உடைத்துக் காட்டியிருக்கும் இடம் ஓர் ஊகம்தான். எந்த உறுப்பு எதோடு சேர்ந்தது, எதை அடுத்த வரியில் அடித்துத் தள்ளப்போகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு 'ஓகே' என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தை ஒரு தாளில் எடுத்து, உடைக்க வேண்டிய குறியைப் பேனாவால் வட்டமிட்டு, படம் பிடித்து அனுப்புங்கள். அப்படியே செய்து தருகிறோம்.

அன்புடன்,
ஒரு காப்பி எடிட்டர்
சென்னை